காற்றில்லாத நாளில் விழுந்தவர்கள்

கேட்டி, டெக்சஸ்
மார்ச் 9, 2025

அண்ணா,

நலமா என்று நான் கேட்கப்போவதில்லை. உன் ஹார்லோ முனை நிலையத்தின் வானிலைப் பக்கம் இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்கள் மாறும். இதை எழுதும்போது அங்கே மைனஸ் இருபத்து மூன்று டிகிரி, காற்று மணிக்கு நூற்றுப் பத்து கிலோமீட்டர். எண்கள் மாறிக்கொண்டிருக்கும்வரை நிலையத்தில் கரண்ட் இருக்கிறது, கரண்ட் இருக்கும்வரை ஜெனரேட்டரும் நீயும் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

கடைசிக் கப்பல் போய்விட்டது, அக்டோபர் கடைசிவரை அங்கிருந்து யாரும் வெளியே வர முடியாது என்று அம்மா சர்ச் சபையில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். "ஷைனுக்கு அண்டார்டிகாவுல ரிசர்ச் வேலை" என்கிறாள். மெக்கானிக் என்று சொல்வதில்லை.

போன நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் விருந்தன்று நம் வீட்டில் நடந்ததை அம்மா ஒரு விதமாகச் சொல்கிறாள், அப்பா சொல்வதே இல்லை. நான் பார்த்ததை ஒருமுறையாவது எழுதிவிடுகிறேன். சபைக்காரர்கள் முன்னால் அப்பா, "எஞ்சினியரிங் படிக்க அனுப்பினேன், ஏசிக்கு ஸ்க்ரூ முடுக்கத்தான் படிச்சிருக்கான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அவர்கள் கார்கள் போனபிறகு அடுக்களையில் அப்பாவை அடித்தாய். முதல் அடி கன்னத்தில். மூன்றாவது அடியில் அவர் முகம் கிரானைட் மேடையின் விளிம்பில் மோதியது. கீழே விழுந்தவரை உதைத்தாய். மீந்த பிரியாணித் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அம்மா என்னை முன்னால் தள்ளினாள். "நீ சொல்லு பிள்ளே, உன் இங்கிலீஷ்தான் நல்லாருக்கு. லேடர்ல இருந்து விழுந்துட்டார்னு சொல்லு." சொன்னேன். பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷமாக நான் பேசிய மொத்தப் பேச்சைவிட அன்று அதிகம் பேசினேன். லேடர் எத்தனை அடி உயரம் என்றுகூடச் சொன்னேன்.

அதற்குப் பிறகு பள்ளி கவுன்சிலர் என்னைக் கூப்பிட்டு, வீட்டில் எல்லாம் சரியா என்று கேட்டார். எனக்கு அழுகைதான் வந்தது. மறுவாரமே அம்மா, இனி வீட்டிலேயே படிப்பாள், ஹோம்ஸ்கூல் என்று கையெழுத்துப் போட்டு என்னை நிறுத்திவிட்டாள். புத்தகம் எதுவும் வாங்கவில்லை. இப்போது நான் அப்பாவின் இடது கண்ணுக்கு நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை மருந்து விடுகிறேன். இரண்டு ஆபரேஷன் முடிந்துவிட்டது. இரண்டாவதற்குப் பிறகு, டாக்டர் சொன்னபடி ஏழு நாள் குப்புறவே படுத்திருந்தார். அந்தக் கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது.

நீ பதில் எழுதாவிட்டாலும் நான் எண்களைப் பார்ப்பேன்.

ரெனிஷா


ஹார்லோ முனை
மார்ச் 20, 2025

ரெனி மக்கா,

வானிலை எண்களுக்குத் தனி இணைப்பு. எங்களுக்கு ஒரு நாளைக்கு நாலு மணி நேரம்தான் இணையம். அதில் இருபத்தொரு பேருக்குப் பங்கு. என் பங்கை உன் மெயிலைப் படித்தே தீர்த்துவிட்டேன்.

உன் எண்கள் பாதிதான் சொல்லும். கண்டத்தின் உள்ளே ஆயிரம் கிலோமீட்டர் நீளத்துக்கு உயரமான பனி மேடு. அதன் மேலே குளிர்ந்து கனத்த காற்று சரிவில் வெள்ளம் மாதிரி இறங்கி வருகிறது. சரிவின் அடியில் நாங்கள். கட்டடத்துக்குக் கட்டடம் கயிறு கட்டியிருக்கிறது, அதைப் பிடித்துத் தவழ்ந்துதான் ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் போகிறேன். போன வாரம் ஒரு காலி டீசல் பீப்பாய் பறந்து வந்து ஷெட்டின் மூலையைப் பிய்த்துக்கொண்டு போனது. இரண்டு விநாடி முன்னால் அங்கே என் தலை இருந்தது. கையுறையைக் கழற்றி ஸ்பேனரைத் தொட்டேன், தோல் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. எனக்கு இந்த ஊர் பிடித்திருக்கிறது. இங்கே யாரும் சபைக்கு முன்னால் நம்மைப் பார்த்துச் சிரிப்பதில்லை.

ட்ராய் என்று ஒரு தச்சன் என் அறையில் இருக்கிறான். ஒக்லஹோமாக்காரன். கதவைச் சாத்தத் தெரியாதவன். நேற்று சொன்னேன், "அடுத்த தடவை தாழ்ப்பாள் போடலைன்னா உன்னையே வெளியே வெச்சுச் சாத்திடுவேன்" என்று. சிரிக்கிறான்.

அன்று நடந்ததை இனி எழுதாதே. அது எனக்கும் அப்பாவுக்கும் உள்ளது. நீ பள்ளியை விட்டதற்கு என்னைச் சொல்லாதே. அது அம்மா போட்ட கையெழுத்து.

சும்மா இருக்காதே. இந்த நிலையத்தின் சரித்திரம் முழுக்க அதே இணையதளத்தில் இருக்கிறது. முதல் வருஷத்து நாட்குறிப்பைக்கூடப் பக்கம் பக்கமாக ஸ்கேன் பண்ணிப் போட்டிருக்கிறார்கள். உனக்குத்தான் படிக்கிற பைத்தியம் உண்டே. படித்து எனக்குச் சொல்லு.

அண்ணன் ஷைன்


கேட்டி
ஏப்ரல் 27, 2025

அண்ணா,

படித்தேன். நீ இருப்பது மூன்றாவது நிலையம்.

முதல் நிலையத்தை 1957 கடைசியில் ஒன்பது பேர் ஒட்டுப்பலகையால் கட்டினார்கள். அடுத்த ஏப்ரலில் ஒரு பகலில் கூரை முழுசாகப் பறந்துபோனது. கூரையின்மேல் ஆணி அடித்துக்கொண்டிருந்தவரும் அதோடு போனார். நாற்பது மீட்டர் தள்ளி, ரேடியோ கம்பத்தில் மோதி, முதுகு ஒடிந்து செத்துக் கிடந்தார். மற்றவர்கள் டிராக்டர் வந்த மரப்பெட்டிகளுக்குள் ஐந்து வாரம் குடியிருந்தார்கள். இரண்டாவது நிலையத்தைக் காற்றுக்குப் பயந்து பனிக்கடியில் கட்டினார்கள். வருஷா வருஷம் மேலே பனி ஏறி, உத்தரங்களை நசுக்கி, 1974இல் சமையலறையை மூடியது. அதனால்தான் உங்களுடையது இரும்புக் கால்களில் நிற்கிறது.

இனி எழுதப்போவதை எழுதலாமா என்று நாலு நாள் யோசித்தேன்.

முதல் நாட்குறிப்பை அவர்களுடைய தலைவர் எழுதியிருக்கிறார். தினமும் ஒரு வரி. வெப்பநிலை, காற்று, அழுத்தம், கடைசியில் குறிப்பு. 1958 ஜூன் 14: "வயர்லெஸ் ஆபரேட்டர் விழுந்தார். தாடை உடைந்தது." காற்று அப்படி அடிக்கிற ஊரில் விழுவது இயல்பு என்று தாண்டிப் போய்விட்டேன். ஜூலை 3: "ஆபரேட்டர் விழுந்தார். விலா எலும்பு." ஜூலை 22: "ஆபரேட்டர் விழுந்தார்." அப்போதுதான் அந்த மூன்று வரிகளிலும் காற்றுக்குரிய கட்டத்தைப் பார்த்தேன். மூன்றிலும் பூஜ்யம். அந்த இரண்டு மாதத்தில், மணிக்கு நூற்றறுபது கிலோமீட்டர் காற்றடித்த நாட்களில் ஒருவர்கூட விழவில்லை. காற்றில்லாத நாட்களில் ஒரே ஆள் மட்டும் விழுந்துகொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 9: "ஆபரேட்டர் விழுந்தார். மாலை நாலு மணிக்கு இறந்தார்." காற்று பூஜ்யம்.

மிஞ்சியவர்களில் ஒருவர் அடித்திருக்கிறார். மற்றவர்களுக்குத் தெரிந்திருக்கும். யாரும் வேறு வார்த்தை எழுதவில்லை. கப்பல் வருவதற்கு ஐந்து மாதம் இருந்தது.

அப்பா படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் நாற்காலியை முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் தூங்குகிறார். நீ பூமியின் அடி முனையில் இருக்கிறாய் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் வைக்கிறார்.

ரெனிஷா


ஹார்லோ முனை
மே 25, 2025

மக்கா,

செத்தவன் கதையெல்லாம் எதற்கு? பென்குயின் பற்றி ஏதாவது இருந்தால் எழுது.

ஞாயிறு தொடங்கி செவ்வாய்வரை நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர் காற்று. கட்டடம் கால்களோடு சேர்ந்து ஆடியது. கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் நிற்கவில்லை. ரயில் நம் தலைமேலேயே மூன்று நாள் போய்க்கொண்டிருந்தால் எப்படி இருக்கும், அப்படி. யாரும் தூங்கவில்லை. பேசினால் கேட்காது, அதனால் எல்லாரும் கத்தினோம். காற்று நின்றபிறகும் கத்திக்கொண்டிருந்தோம். நேற்றோடு சூரியனும் போய்விட்டது. இனி ஜூலையில்தான் பார்க்கலாம்.

செவ்வாய் அன்று ட்ராய் மறுபடியும் ஷெட் கதவைத் தாழ்ப்பாள் போடாமல் வந்துவிட்டான். உள்ளே இடுப்பளவு பனி. ஒரு ஜெனரேட்டர் நின்றுபோனது. இரண்டாவதும் நின்றிருந்தால் இருபத்தொரு பேரும் விறைத்திருப்போம். பனியை அள்ளிக் கொட்ட இரண்டு நாள் ஆனது.

வியாழக்கிழமை ட்ராய் ஷெட் வாசலில் விழுந்துவிட்டான். காற்று தள்ளிவிட்டது. இரண்டு பல் போனது, தாடையில் விரிசல். நிலையத்து டாக்டர் லின் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார். ஸ்ட்ராவில் சூப் குடிக்கிறான். இனிமேல் கொஞ்ச நாளைக்கு வாய் அடங்கியிருக்கும்.

முக்கியமான விஷயம். நவம்பர் முதல் வாரம் நான் வீட்டுக்கு வருகிறேன். என் அறையை அப்படியே வைத்திருக்க அம்மாவிடம் சொல்லு. அப்பாவிடம் நீதான் பேச வேண்டும். நீ சொன்னால் கேட்பார். நான் வேறு ஆளாக வருகிறேன் என்று சொல்லு.

அண்ணன்


கேட்டி
ஜூன் 1, 2025

அண்ணா,

நான் எண்களைப் பார்க்கிறேன் என்று உனக்கு முதல் கடிதத்திலேயே எழுதினேன். நீ மறந்துவிட்டாய்.

மே 22, வியாழக்கிழமை. அன்று முழுவதும் ஹார்லோ முனையில் அடித்த காற்றின் உச்ச வேகம் மணிக்கு ஒன்பது கிலோமீட்டர். சரிதானா என்று மூன்று தடவை பார்த்தேன். ஒன்பது கிலோமீட்டர் காற்றில் சபை வாசலில் அம்மாவின் முந்தானைகூட அசையாது.

விழுந்துவிட்டான் என்று நீ எழுதியிருக்கிறாய். நம் வீட்டில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் அதை இங்கிலீஷில் சொன்னவளே நான்தான்.

ட்ராய் எங்கே போவான்? உன் அறையில்தானே தூங்குகிறான். அக்டோபர்வரை விமானம் இல்லை. ஆபரேட்டர் முதல்முறை விழுந்த நாளிலிருந்து எண்ணினேன். அவர் இறக்க ஐம்பத்தாறு நாள் ஆனது.

நீ டாக்டர் லின்னிடம் போய் உண்மையைச் சொல். அடுத்த ஞாயிற்றுக்கிழமைவரை பார்ப்பேன். நீ சொல்லாவிட்டால் நான் எழுதுவேன். அவருடைய மெயில் முகவரி இணையதளத்தில் இருக்கிறது.

அப்பாவிடம் நீ வருவது பற்றிப் பேசவில்லை. வேறு ஆளாக வருகிறேன் என்று நான் எப்படிச் சொல்வது?

ரெனிஷா


ஹார்லோ முனை
ஜூன் 3, 2025

நீ யாருட்டி எனக்கு நாள் குறிக்க?

வாயைத் திறக்கத் தெரியாது. கடையில் மிச்சச் சில்லறை கேட்கக்கூட நான் வர வேண்டும். இப்போது உலகத்தின் அடியில் இருக்கிறவனுக்கு உத்தரவு போடுகிறாய். இது ரிப்போர்ட் ஆனால் என்ன ஆகும் என்று தெரியுமா? வேலை போகும். போலீஸ் கேஸ் ஆகும். கிரீன் கார்டு போகும். என்னை நாகர்கோவிலுக்கு மூட்டை கட்டி அனுப்புவார்கள். சந்தோஷமா?

விழுந்துட்டேன் என்று சொல்ல எனக்குக் கற்றுக்கொடுத்தது யார்? ஏழாம் வகுப்பில் கணக்கில் பெயிலானதற்கு அப்பா பெல்ட்டின் பக்கிளால் அடித்தார். தடுத்த கை ஒடிந்தது. கட்டுப் போட்டுப் பள்ளிக்கு அனுப்பும்போது அம்மா வாசல்வரை வந்து, "சார் கேட்டா மரத்துல இருந்து விழுந்துட்டேன்னு சொல்லு மக்கா" என்றாள். நம் வீட்டில் மரமே கிடையாது. சார் ஒன்றும் கேட்காமல் சிரித்தார். அப்போது எவள் மெயில் எழுதினாள் எனக்காக?

அந்தத் தச்சன் எங்கள் எல்லாரையும் கொல்லப் பார்த்தான். நான் அடித்தது தப்பே இல்லை.

நீ எழுதிப் பார். நவம்பரில் வந்து உன்னை


கேட்டி
ஜூன் 8, 2025

அண்ணா,

உன் கடைசி வரி பாதியில் நின்றிருக்கிறது. இணையம் போயிருக்கலாம், நீயே நிறுத்தியிருக்கலாம். எதுவானாலும் அதைப் படித்தபோது நானே எழுந்துபோய் என் அறைக் கதவைப் பூட்டினேன். நீ பதினாறாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறாய்.

உன் கை ஒடிந்த கதை எனக்குத் தெரியாது. அப்போது எனக்கு நாலு வயது. அதை நினைத்து இரண்டு நாள் அழுதேன். அழுது முடித்துவிட்டு இன்று காலை சபைக்குப் போவதற்கு முன்னால் டாக்டர் லின்னுக்கு எழுதினேன். மே 22ஆம் தேதிக் காற்றின் அட்டவணையையும், உன் கடிதத்தில் நீ அடித்ததாகச் சொன்ன பத்தியை இங்கிலீஷில் மாற்றியும் சேர்த்து அனுப்பினேன்.

ரெனிஷா


ஹார்லோ முனை
ஜூன் 29, 2025

ரெனி,

மூன்று வாரமாக என்னிடம் எந்தச் சாவியும் இல்லை. ட்ராயை வேறு அறைக்கு மாற்றிவிட்டார்கள். ஷெட்டில் வேலை செய்யும்போது பக்கத்தில் ஒருவர் நிற்கிறார். எல்லாரும் சாப்பிட்டபிறகு எனக்குச் சாப்பாடு. இருபது பேரும் என்னோடு மரியாதையாகப் பேசுகிறார்கள், யாரும் அருகில் உட்காருவதில்லை. முதல் விமானத்தில் அனுப்பிவிடுவார்கள். அமெரிக்காவில் விசாரணை. அதற்குப் பிறகு தெரியாது.

முதலில் டாக்டரிடம் மறுத்தேன். என் தங்கைக்கு மனநிலை சரியில்லை என்றேன். அதையும் சொன்னேன், எழுதிவிடுகிறேன். அவர் உன் அட்டவணையைத் திருப்பி என் பக்கம் வைத்தார்.

நான் ட்ராயை ரெஞ்சால் அடித்தேன். முதல் அடியிலேயே பல் தெறித்தது. பனியில் ரத்தம் ஆவி பறந்து உடனே உறைந்தது. அவன் கீழே விழுந்தபிறகு மேலே உட்கார்ந்து கையால் அடித்தேன். எத்தனை தடவை என்று டாக்டர் கேட்டார். எண்ணவில்லை. காது இரைந்தது, காற்றுதான் என்று அப்போது நினைத்தேன். ஒரு கட்டத்தில் அவன், "ஐ ஃபெல், ஐ ஃபெல்" என்று சொல்ல ஆரம்பித்தான். நான் சொல்லச் சொல்லவில்லை. தானாகவே சொன்னான். என்னைப் பார்த்து, எனக்குச் சம்மதமா என்று கேட்கிற மாதிரி. அந்தக் குரல் எனக்குத் தெரியும். அதைக் கேட்டபிறகும் இரண்டு தடவை அடித்தேன்.

கதவு திறந்து கிடந்ததற்காக என்றுதான் இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை திறந்து கிடந்த கதவுக்கு வியாழக்கிழமைவரை காத்திருந்து அடித்திருக்கிறேன்.

உன்னை மிரட்டியது தப்பு.

விசாரணை முடிந்து விட்டுவிட்டால் எனக்குப் போக வேறு இடமில்லை. வீட்டுக்கு வரட்டுமா? நீ சொல்லு. அம்மாவிடம் கேட்கவில்லை, அவள் வா என்றுதான் சொல்வாள்.

ஷைன்


கேட்டி
ஜூலை 13, 2025

அண்ணா,

செவ்வாய்க்கிழமை அப்பாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனோம். மூன்றாவது ஆபரேஷனால் பயனில்லை, இடது கண்ணில் பார்வை திரும்பாது என்றார். பிறகு வழக்கம்போல் ஃபைலைப் பார்த்து, லேடர் எவ்வளவு உயரம் என்று கேட்டார். அம்மா என் தோளைத் தொட்டாள். நான், "லேடர் இல்லை, என் அண்ணன் அடித்தான், நான் பார்த்தேன்" என்றேன். குரல் மிகவும் சின்னதாக வந்ததால் டாக்டர் மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடி சொன்னேன். அவர் அதை டைப் பண்ணிக்கொண்டார்.

பார்க்கிங்கில் அம்மா என் கன்னத்தில் அறைந்தாள். மோதிரம் பட்டு உதடு கிழிந்தது. "பெத்த பிள்ளையை நாடு கடத்தவாடி உனக்கு இங்கிலீஷ் வந்துச்சு?" என்றாள். இன்னொருமுறை கையை ஓங்கினாள். அப்பா நடுவில் வந்து அந்தக் கையைப் பிடித்தார். "போதும் ஜெயலீலா" என்றார். "இவ சொன்னதுல பொய் என்ன இருக்கு?" அம்மா திரும்பி அவரிடம், "நீங்க அவனை அடிச்சு வளர்த்தீங்களே, அதையும் எழுதச் சொல்லுங்க" என்றாள். அப்பா, "எழுதட்டும்" என்றார். வீட்டுக்கு வந்ததும் என் உதட்டுக்கு அவரே ஐஸ் எடுத்துக் கொடுத்தார். எனக்கு அவர்மேல் இரக்கமும் வந்தது, உன் கையை நினைத்து வெறுப்பும் வந்தது. இரண்டும் இன்னும் போகவில்லை.

உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும். ரெஞ்ச் வரும் இடத்தில் நிறுத்தட்டுமா என்று கேட்டேன், படி என்றார். முடித்தபிறகு நீ வரலாமா என்று கேட்டேன். "எனக்கு அவன்ட்ட பயமா இருக்கு பிள்ளே" என்றார். அப்பா அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அம்மா உன் அறையில் புது விரிப்புப் போட்டிருக்கிறாள்.

நீ என்னிடம்தான் கேட்டாய், அதனால் நான் சொல்கிறேன். வராதே. நவம்பரில் வேண்டாம், கிறிஸ்துமஸுக்கும் வேண்டாம். விசாரணையில் நடந்ததை நடந்தபடி சொல். கோபத்துக்கு மருத்துவம் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், அங்கே போ. எத்தனை மாதம் என்று எனக்குத் தெரியாது. அப்பா பயமில்லாமல் தூங்குகிற நாள் வந்தால் நானே எழுதுகிறேன். அந்த நாள் வராமலும் போகலாம்.

நீ எழுது. எது நடந்தாலும் பதில் போடுவேன்.

ஆனால் சொல்லாமல் வந்து கதவைத் தட்டினால் திறக்கமாட்டேன். போலீசை, நைன் ஒன் ஒன்னைக் கூப்பிடுவேன். போனில் பேச எனக்கு வராது என்று உனக்குத் தெரியும். அன்றைக்குப் பேசுவேன்.

உன் தங்கை
ரெனிஷா